மட்கார்டு நாற்காலி இல்லை

கியர்பெட்டியின் ஹை-லோ லீவர் நியூட்ரலில் இல்லாவிட்டால், பெரியப்பாவின் டிராக்டரில் சாவியை எவ்வளவு திருகினாலும் செல்ஃப் மோட்டார் சுற்றாது. வண்டி கியரில் கிடக்கும்போது யாரும் தவறிப்போய்க்கூட ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது என்று, வண்டியைச் செய்தவர்கள் லீவரோடு சேர்த்து ஒரு சின்ன சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பத்து, இருபது வருடம் சேற்றிலும் தூசியிலும் ஓடிய வண்டிகளில் சீக்கிரம் கெட்டுப்போவதும் அதுதான். கெட்டால் பெரும்பாலான ஊர்களில் ஒரே வைத்தியம்தான். இரண்டு வயரையும் முறுக்கிச் சேர்த்து, மேலே டேப் சுற்றிவிடுவார்கள். வண்டி உடனே ஸ்டார்ட் ஆகும், வேலை நிற்காது. அதற்குப் பிறகு அந்த வண்டி எந்தக் கியரிலிருந்தும் பாயும்.

பெரியப்பா வயரை முறுக்கவில்லை. நடவு நேரத்தில் ஒரு நாள் உழவு நின்றாலும் பரவாயில்லை என்று கும்பகோணத்துக்கு பஸ் ஏறிப் போய், சுவிட்சை வாங்கிவந்து மாட்டினார். வாடகை உழவுக்கு வரிசையில் காத்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஊரில் சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் பெரியப்பாதான். பெரிய மிராசு இல்லை. சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை கொஞ்சம், மீதி வருமானம் வாடகை உழவு. 1980களின் தொடக்கத்தில் நிலவள வங்கிக் கடனில் வாங்கிய மேசி பெர்குசன் 1035 அவருடையது. சிவப்பு நிறம், மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின், முன்னே ஆறு கியர், பின்னே இரண்டு. புதிய தலைமுறை வண்டிகள் வந்து, பவர் ஸ்டீயரிங் வந்து, ஏசி கேபின்கூட வந்த பிறகும் அந்த வண்டி சேற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய செய்தி ஒன்று உண்டு. அத்தனை வருடத்தில் அந்த வண்டியால் ஒரு மனிதருக்கும் ஒரு விரல்கூடப் போகவில்லை. பழைய டிராக்டர் எப்படி இத்தனை காலம் ஓடுகிறது என்று கேட்டு வந்தவர்கள் பலர். எப்படி யாரையும் கொல்லாமல் ஓடுகிறது என்று கேட்டவர்கள் குறைவு. அவரைப் பொறுத்தவரை இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான்.

அந்த வண்டியின் பூர்வீகம் காவிரிக் கரை அல்ல. அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் 1884இல் பிறந்த ஹாரி பெர்குசன் என்ற விவசாயி மகனிடமிருந்து அது தொடங்குகிறது. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிறகும் ஃபோர்டு நிறுவனத்தின் ஃபோர்ட்சன் டிராக்டர்கள் ஆயிரக்கணக்கில் வயலுக்கு வந்தன. அவை கலப்பையை மாட்டுவண்டி போலப் பின்னால் கட்டி இழுத்தன. கொழு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் கலப்பை நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. பின்சக்கரம் சுழல முடியாத அந்த நொடியில் வண்டியின் முன்பக்கம் எழும்பி, ஓட்டுபவர் மேலேயே மல்லாந்து விழும். அப்படிச் செத்தவர்கள் பலர்.

பெர்குசன் யோசித்தது இதைத்தான். கலப்பையைக் கட்டி இழுப்பதற்குப் பதிலாக, கீழே இரண்டு கை, மேலே ஒரு கை என்று மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு ஒட்டவைத்தார். கொழு மாட்டினால், கலப்பை முன்னோக்கிக் கவிழப் பார்க்கும். அப்போது மேலே இருக்கும் டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையில் அழுத்திவைக்கும். கவிழ்க்கப் பார்க்கும் விசையே கவிழாமல் பிடித்துக்கொள்கிறது. அதோடு ஹைட்ராலிக்கும் சேர்ந்து, இழுவை கூடினால் கலப்பையைத் தானாகச் சற்றுத் தூக்கும். 1946 முதல் பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இந்த ஏற்பாட்டோடு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட சாம்பல் நிற டிஇ 20 வண்டிகள் உருவாயின. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அவற்றில்தான். அதன் அடுத்த தலைமுறை 35. சென்னையில் 1960இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மேசி பெர்குசனோடு சேர்ந்து நம் ஊருக்குக் கொண்டுவந்தது அந்த வரிசையைத்தான். தஞ்சாவூர் மாவட்டம் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் ஏறக்குறைய அதே நேரம். 1035 அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

டாப் லிங்க்கைக் காட்டி பெரியப்பா சொல்லும் பாடம் ஒன்று உண்டு. கலப்பை மாட்டினால் உயிரைக் காப்பாற்றும் அதே புள்ளியில் சங்கிலியைக் கட்டி எதையாவது இழுத்தால், அது உயிரை எடுக்கும். பின் அச்சுக்கு மேலே எந்த இடத்தில் கட்டி இழுத்தாலும் வண்டி பின்னால் புரளத் துடிக்கும். மரத்துண்டு இழுப்பதோ, மாட்டிக்கொண்ட லாரியை இழுப்பதோ, எதுவானாலும் கீழே இருக்கும் டிராபாரில் மட்டும்தான் கட்ட வேண்டும். இது பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு குறுவைப் பருவத்தில் அது கண்ணெதிரே நடக்க இருந்தது. மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, ஊர் முழுக்கத் தொளி உழவு. வெளியூரிலிருந்து வாடகைக்கு வந்த ஒரு வண்டி, கேஜ் வீல் மாட்டியும் பள்ளமான மூலையில் அச்சுவரை இறங்கிவிட்டது. டிரைவருக்கு வயது இருபதுக்குள். அவனும் வரப்பில் நின்றவர்களும் சேர்ந்து ஒரு பனந்துண்டைக் கொண்டுவந்து, இரண்டு பின்சக்கரத்துக்கும் முன்னால் குறுக்கே வைத்துச் சங்கிலியால் சக்கரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். சக்கரம் சுற்றினால் துண்டு அடியில் போகும், அதன் மேல் ஏறி வண்டி வெளியே வந்துவிடும் என்பது கணக்கு. டெல்டாவில் காலங்காலமாகச் செய்கிற வேலை. பல தடவை பலித்தும் இருக்கிறது.

பெரியப்பா தூரத்து வயலிலிருந்து ஓடிவந்தார். வேட்டியை மடித்துக் கட்டக்கூட நிற்கவில்லை.

"தம்பி, கிளட்சை விடாத. நியூட்ரல் போட்டுட்டு இறங்கு. சங்கிலியை அவுறுங்க முதல்ல."

"பெரியப்பா, எல்லாரும் இப்படித்தானே எடுக்குறாங்க" என்றார் ஒருவர்.

"எடுத்தவங்க சொல்றாங்க. எடுக்க முடியாதவன் வந்து சொல்ல மாட்டான்."

அவர் பயந்தது இதற்குத்தான். பனந்துண்டு சேற்றுக்கு அடியில் கெட்டியான இடத்தில் முட்டி நின்றால், சக்கரம் சுற்றாது. எஞ்சினின் பலம் எங்காவது போயாக வேண்டும். சக்கரம் சுற்றாவிட்டால், அச்சைச் சுற்றி வண்டியின் உடம்பு சுற்றும். முன்சக்கரம் எழும்பிவிட்டது என்று உணர்வதற்கும், திரும்ப இறக்க முடியாத உயரத்துக்கு அது போய்விடுவதற்கும் இடையே ஒரு விநாடிகூட இருக்காது. முழுதாகப் புரண்டு விழ ஒன்றரை விநாடி. கிளட்சை மிதிக்க நினைத்துக் கால் நகர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஸ்டீயரிங் வீலுக்கும் சேற்றுக்கும் நடுவே மாட்டிக்கொண்டவரை எடுக்க இன்னொரு டிராக்டர் வேண்டும்.

அன்று வண்டியை எடுத்த விதம் பொறுமையான விதம். ரொட்டவேட்டரைக் கழற்றினார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் மண்வெட்டியால் சேற்றை வாரி, சரிவாக வழி வெட்டினார்கள். வைக்கோல் போட்டார்கள். முதலில் ரிவர்ஸில் முயன்றார்கள், ஏனென்றால் பின்னால் போகும்போது முன்பக்கம் எழும்பும் ஆபத்து குறைவு, வந்த தடமும் கெட்டியாக இருக்கும். அதிலும் வராததால் பெரியப்பா தன் வண்டியைக் கெட்டித்தரையில் நிறுத்தி, நீளச் சங்கிலியைத் தன் டிராபாரில் மாட்டி, முதல் கியரில் மெதுவாக இழுத்தார். சங்கிலி இறுகும்போது அதன் இருபுறமும் யாரும் நிற்கக் கூடாது என்று எல்லோரையும் வரப்பைத் தாண்டி விரட்டிவிட்டார். அறுந்த சங்கிலி எங்கே அடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அரை மணியில் முடிய வேண்டிய வேலை பொழுது சாயும்வரை இழுத்தது. நடவுக்கு வந்த பெண்கள் கூலி போகுமோ என்று கவலைப்பட்டார்கள். அன்றைக்குக் கூலியை அவரே பேசி முடித்துக் கொடுத்தார்.

வேட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயலில் ஓடியது வேறு, ஓடுகிற வண்டிக்குப் பின்னால் போவது வேறு. பின்னால் மாட்டும் மிஷின்களைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. ஷாப்டில் ஏதாவது மாட்டியிருந்தால், பெரியப்பா வேட்டியோடு வண்டியின் பின்பக்கம் போனதே இல்லை. காக்கி அரைக்கால் சட்டை, இறுக்கமான பனியன், தலையில் துண்டு கிடையாது. உருமா கட்டாத அவரைப் பார்ப்பது மற்ற நாளில் அரிது என்பதால், அவர் துண்டில்லாமல் வந்தால் நெல் அடிக்கும் மிஷின் ஓடப்போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

இந்த வகை வண்டியில் பி.டி.ஓ.வின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. கேட்கச் சாதாரணமாக இருக்கும். விநாடிக்கு 9 சுற்று அது. வண்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல்வெட்டுத் தண்டின் குறுக்களவு ஒன்றரை அங்குலத்துக்கும் குறைவு, சரியாக 1 3/8 அங்குலம். அதன் சுற்றளவு ஏறக்குறைய 11 சென்டிமீட்டர். அதில் துணி ஒரு நுனி மாட்டினால் ஒரு விநாடியில் ஒரு மீட்டர் துணியை அது சுருட்டிவிடும். நான்கு முழ வேட்டி முழுக்க உள்ளே போக இரண்டு விநாடி போதும். வேட்டி மட்டுமா போகும்? சேலை முந்தானை, தாவணி, அவிழ்ந்த கூந்தல், சட்டையின் தொங்கும் கை, எதற்கும் அது விதிவிலக்குத் தராது. இணைப்பு ஷாப்டின் மூட்டுகள் இன்னும் தடித்தவை, போல்ட்டும் பின்னும் துருத்திக்கொண்டிருப்பவை. அவை இன்னும் வேகமாக இழுக்கும்.

அதனால்தான் அந்த ஷாப்டுக்கு மேல் பிளாஸ்டிக் குழாய் மாதிரி ஒரு கவர் வருகிறது. உள்ளே ஷாப்ட் சுற்றும், கவர் சுற்றாமல் நிற்கும். புது மிஷின் வந்த முதல் பருவத்திலேயே கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று அதைக் கழற்றி மாட்டுக்கொட்டகையில் எறிந்துவிடுகிறவர்கள் ஏராளம். பெரியப்பா வீட்டில் கவர் விரிசல் விட்டால் புதியது வரும்வரை அந்த மிஷின் ஓடாது. ஓடுகிற ஷாப்டைத் தாண்டிப் போவதும் அவரிடம் கூடாது. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் வண்டியின் முன்பக்கமாகச் சுற்றித்தான் போக வேண்டும். கதிர் அடிக்கும் மிஷின்களில் கை போனவர்கள் நாடு முழுக்க அத்தனை பேர் இருந்ததால்தான் 1983இல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்றையே நாடாளுமன்றம் கொண்டுவர வேண்டியிருந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. கவர் கொட்டகையில் கிடக்கிறது.

காலையில் அவருடைய வேலை விடியும் முன்பே ஆரம்பித்துவிடும். சாமி கும்பிடுவதற்கு முன் ஆயில் கம்பி. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஆயில் அளவு சரியாகத் தெரியும் என்பார். கம்பியில் அளவு மட்டும் பார்க்க மாட்டார், ஆயிலை விரலில் தொட்டுத் தேய்ப்பார். அளவு கூடியிருந்தால் அவருக்குக் கவலை இன்னும் அதிகம், ஏனென்றால் கூடுதலாக வந்தது டீசலாகவோ தண்ணீராகவோதான் இருக்கும். அடுத்து ரேடியேட்டர். முதல் நாள் இரவே ஆறிவிட்டதால் மூடியைத் திறக்கலாம். வேலை நடுவில் வண்டி கொதித்தால் மூடியைத் தொட விட மாட்டார். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, பிறகு நிறுத்தி, தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் மூடியைத் திருகிய கணத்தில் முகத்தில் அடிக்கும். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடிக்கும்.

இந்த வண்டியின் ஏர் கிளீனர் ஆயில் பாத் வகை. அடியில் ஒரு கிண்ணத்தில் ஆயில். உள்ளே போகும் காற்றிலிருக்கும் தூசியை அது பிடித்துக்கொள்ளும். சேற்று உழவில் அதற்கு வேலை குறைவு. அறுவடைக்குப் பிறகு கதிர் அடிக்கும்போது பதர்த் தூசி ஒரே நாளில் கிண்ணத்தைக் களிமண்ணாக்கிவிடும். அந்த வாரங்களில் தினமும் கழற்றி, டீசலில் கழுவி, கோடுவரை புதிய ஆயில் ஊற்றுவார். கோட்டுக்கு மேலே ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலை இழுத்துக் குடிக்க ஆரம்பிக்கும், டீசல் எஞ்சின் ஆயிலைக் குடித்து வேகமெடுத்தால் நிறுத்துவது பாடு. சாவி வெறும் மின்சாரத்துக்குத்தான். சாதாரண நேரத்தில் இந்த எஞ்சினை நிறுத்துவது டீசலை மூடும் குமிழ். அதை இழுக்கத் தெரியாதவர் இருக்கையில் உட்காரக் கூடாது என்பது அவருடைய முதல் விதி.

"ஏர் பிடிச்சிடுச்சு" என்ற குரல் கேட்டால் வீட்டுப் பையன்களுக்குக் கொண்டாட்டம். அவர் ஏர் எடுப்பதைச் சுற்றி நின்று பார்க்கலாம். ஃபில்டரின் மேல் இருக்கும் ஸ்க்ரூவை ஒரு சுற்றுத் தளர்த்துவார். கீழே ஃபீட் பம்பின் சின்ன லீவரை விரலால் மேலும் கீழும் அடிப்பார். ஸ்க்ரூ ஓரத்தில் டீசல் நுரைத்துக்கொண்டு வரும், குமிழி குமிழியாக. குமிழி நின்று தெளிந்த டீசல் வழிந்ததும், லீவரை அடித்துக்கொண்டே ஸ்க்ரூவை இறுக்குவார். பிறகு ரோட்டரி பம்பின் ஸ்க்ரூக்கள், அதே வரிசை. சில நாள் லீவர் தளதளவென்று ஆடும், டீசலே ஏறாது. புதியவர்கள் பம்பு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரியப்பா எஞ்சினை லேசாக ஒரு சுற்றுச் சுற்றவிட்டு மறுபடி அடிப்பார், லீவர் பிடித்துக்கொள்ளும். உள்ளே கேம் உச்சியில் நின்றிருந்தால் லீவருக்கு அடிக்க இடமில்லை, அவ்வளவுதான். கடைசியில் நாசிலுக்குப் போகும் பைப்புகளின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் தெறித்ததும் இறுக்குவார். அந்தக் கட்டத்தில் பையன்கள் ஐந்தடி தள்ளி நிற்க வேண்டும். நாசில் தெளிக்கும் டீசல் கண்ணுக்குப் புகை போலத்தான் தெரியும். ஆனால் அது தோலைத் துளைத்து உள்ளே போகும் அழுத்தத்தில் வருகிறது. விரலை நீட்டி நாசிலைச் சோதித்த மெக்கானிக் ஒருவருடைய விரல் ஊசி குத்தின அளவு காயத்தில் தொடங்கி, ஆஸ்பத்திரியில் முடிந்ததைப் பெரியப்பா நேரில் பார்த்தவர். ஹைட்ராலிக் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று பார்க்கவும் அவர் கையை வைக்க மாட்டார், ஒரு அட்டைத் துண்டைத்தான் காட்டுவார்.

டீசலை இரவே டேங்க் நிரம்ப ஊற்றிவைத்துவிடுவார். பாதி காலியான டேங்கில் இரவுப் பனி தண்ணீராக இறங்கும்.

சேற்றில் ஓடுகிற வண்டிக்குப் பெரிய எதிரி சேறு அல்ல, தண்ணீர். இந்த வகை மேசியில் கியர்பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே ஆயில்தான். பின் ஆக்சில் சீல் தேய்ந்தால் இரண்டு காரியம் நடக்கும். வயல் தண்ணீர் உள்ளே போய் ஆயில் மோர் நிறத்துக்கு மாறும், லிஃப்ட் சோரும். உள்ளே இருக்கும் ஆயில் வெளியே கசிந்து பிரேக் டிரம்மில் இறங்கும். ஒரு பக்கச் சக்கரத்தின் பிரேக் மட்டும் வழுக்கும். ஒரு பிரேக் பிடித்து மற்றொன்று பிடிக்காத வண்டி, நேராகப் போகும்போது நல்ல வண்டி. சாலையில் குறுக்கே மாடு வந்தால்தான் தெரியும்.

டிராக்டருக்கு வலது பிரேக் வேறு, இடது பிரேக் வேறு. வயலில் சால் திரும்பும்போது ஒரு பக்கம் மட்டும் மிதித்தால் சின்ன இடத்தில் வளையும். சாலைக்கு ஏறும்போது இரண்டு மிதியையும் கொக்கியால் இணைத்துவிட வேண்டும். இணைக்காமல் நாலாவது, ஐந்தாவது கியரில் போகிறவர் அவசரத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழன்று திரும்பும். நம்முடைய சாலைகளில் பாதி வாய்க்கால் கரைகள். பக்கத்து ஊரில் ஒரு வண்டி அப்படித்தான் வாய்க்காலுக்குள் போயிற்று. ஓட்டியவர் மறுபக்கம் எகிறி விழுந்ததால் பிழைத்தார். முன் அச்சு நடுவில் ஒரே ஒரு பின்னில் ஆடுவதால் டிராக்டருக்கு நான்கு கால் இருந்தாலும் நிற்கும் பலம் முக்கோணத்தின் பலம்தான். வளைவில் வேகம் இரட்டித்தால் கவிழ்க்கும் விசை நான்கு மடங்காகும். கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்களை அவர் சாலையிலேயே நிறுத்தித் திட்டியிருக்கிறார். வரப்பு, மேடு ஏற வேண்டுமென்றால் ரிவர்ஸில் ஏற்றி, இறங்கும்போது முன்னால் இறங்குவார்.

கிளட்ச் தட்டு மாற்ற மெக்கானிக் வந்தால் அது இரண்டு நாள் வேலை. இந்த வண்டிக்கு சேசிஸ் கிடையாது. எஞ்சினும் கியர்பெட்டியும் போல்ட்டில் ஒட்டிக்கொண்டு அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. தட்டை எடுக்க வண்டியையே நடுவில் இரண்டாகப் பிரிக்க வேண்டும். புளியமரத்தடியில் அது நடக்கும். மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் பெரியப்பா செய்யும் முதல் காரியம், முன் அச்சுக்கும் அதன் மேலே இருக்கும் வார்ப்புக்கும் இடையே இரண்டு பக்கமும் வேலமர ஆப்பை அடித்து இறுக்குவது. அச்சு ஆடும் என்பதால், பிரித்த பிறகு எஞ்சின் பாதி தனியே நிற்கும்போது ஆப்பு இல்லாவிட்டால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். நானூறு கிலோ இரும்பு சாய்ந்தால் அடியில் இருப்பவர் நகர முடியாது. ஜாக்கியை அவர் தூக்குவதற்கு மட்டும் நம்புவார், தாங்குவதற்கு மரக்கட்டை அடுக்குதான். அடியில் படுத்தபின் கட்டை வைக்கச் சொல்கிறவரை அவர் வேலைக்கு அழைத்ததே இல்லை. பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு இவற்றின் தூசியைக் காற்றடித்து ஊதவும் விட மாட்டார், ஈரத்துணியால் துடைக்கச் சொல்வார். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததால் அதுதான் சரி. வால்வு இடைவெளியை மட்டும் தானே பார்ப்பார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 12 தவ், அதாவது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 12 பங்கு. அதைத் தாண்டினால் டக்டக்கென்று சத்தம் வரும், குறைந்தால் வால்வு எரியும்.

அவருடைய தம்பி மகனுக்குச் சின்ன வயதில் ஒரே ஆசை, மட்கார்டில் உட்கார்ந்து கடைத்தெருவரை போக வேண்டும். ஊரில் எல்லாப் பையன்களும் போனார்கள். சில அப்பாக்கள் பெருமையாகவே உட்கார வைத்தார்கள். பெரியப்பா ஒருமுறைகூட ஏற்றவில்லை. அழுதான், சாப்பிடாமல் இருந்தான், பெரியம்மாவிடம் சிபாரிசுக்குப் போனான். "மட்கார்டு நாற்காலி இல்லைடா. ஒரு குலுக்கல் போதும், சக்கரத்துக்கு முன்னாடி விழுவே. எனக்கு நிறுத்த நேரம் இருக்காது" என்பதுதான் பதில். பின்னால் ரொட்டவேட்டர் ஓடும் வண்டியில் மட்கார்டிலிருந்து விழுந்த பிள்ளைகளின் செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம், வளர்ந்துவிட்ட அந்தத் தம்பி மகன் அந்தப் பக்கத்தைக் கடந்து போக முடியாமல் நின்றுவிடுகிறான். பெரியப்பாவின் அன்பு அந்த மறுப்பில்தான் இருந்தது என்று அவன் உறுதியாகச் சொல்லுவான்.

பெரியப்பா கடைசிக் காலத்தில் ஒன்றை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வண்டியில் எல்லாப் பராமரிப்பும் இருந்தும் ஒரு குறை இருந்தது. கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டம் அதில் இல்லை. அந்தக் காலத்தில் நம் ஊருக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலும் இல்லை. ஸ்வீடன் 1959லேயே புது டிராக்டர்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. அங்கே கவிழ்ந்து சாகிறவர்கள் அடியோடு குறைந்தார்கள். நம் ஊர்களில் வெயிலுக்குக் கூரை போடுகிறோம். மெல்லிய பைப்பில் வெல்டிங் வைத்த அந்தக் கூரையைப் பாதுகாப்புச் சட்டம் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். வண்டி புரண்டால் அது தகரம் போல மடங்கும். சோதித்துத் தேர்ந்த சட்டமாக இருக்க வேண்டும், பின் அச்சில் முறையாகப் பொருத்தியதாக இருக்க வேண்டும். அது இருந்தால் சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும், அது இல்லாத வண்டியில் சீட் பெல்ட் போடக் கூடாது. சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் கட்டினால் கவிழும் வண்டியோடு சேர்த்துக் கட்டிக்கொள்வதாகும்.

அவர் போன பிறகு வண்டி தம்பி மகனிடம் வந்தது. அவன் அதைச் சேற்று உழவிலிருந்து விலக்கிவிட்டான். சமதளத்தில் தண்ணீர் இறைக்கவும், வீட்டுக்கு வைக்கோல் கொண்டுவரவும் மட்டும் ஓடுகிறது. சரிவான கரையும் கனமான டிரெய்லரும் அதற்குக் கிடையாது. நல்ல முடிவு. ஓட முடிகிற வண்டி எல்லா வேலைக்கும் ஓட வேண்டும் என்று கட்டாயமில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பழைய வண்டி இருக்கலாம். அது அப்பா வாங்கியதாக இருக்கலாம், விற்க மனம் வராமல் வைத்திருக்கலாம். வைத்திருங்கள், ஓட்டுங்கள். ஆனால் அடுத்த உழவுக்கு இறக்கும் முன், கொட்டகையில் எறிந்த பி.டி.ஓ. கவரைத் தேடி எடுத்து மாட்டுங்கள். உடைந்திருந்தால் புதியது வாங்குங்கள், ஒரு மூட்டை உரத்தைக் குறைத்தாவது வாங்குங்கள். ஓட்டப்போகும் பையனுக்கு நிறுத்தும் குமிழ் எது என்று முதலில் காட்டுங்கள். மட்கார்டில் எந்தக் குழந்தையும் உட்கார வேண்டாம், உங்கள் குழந்தையும் வேண்டாம், கூலிக்கு வந்தவர் குழந்தையும் வேண்டாம்.